கீசருக்குள் ஒரு குச்சி

எங்கள் வீட்டுக் கீசருக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் சூடாக வழக்கத்தைவிட நேரம் பிடிக்கிறது, சுவிட்சைப் போட்டால் உள்ளே யாரோ சரளைக் கல்லை வறுப்பதுபோல் சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். அவர் கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அடியிலிருந்த வட்டத் தகட்டைக் கழற்றினார். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டதுபோல் வெள்ளைச் சில்லுகள் பக்கெட்டில் கொட்டின. இரண்டு மக் தேறும். அதன் பின்னால் காயில் வந்தது, சுண்ணாம்பு பூசிய கரும்புத் துண்டு மாதிரி. கடைசியாக, தகட்டில் மாட்டியிருந்த ஒரு மெல்லிய கம்பியைக் காட்டி, "இது என்னன்னு தெரியுமா சார்?" என்றார். சைக்கிள் சக்கரத்துக் கம்பிபோல இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

வாங்கிய புதிதில் அது கட்டைவிரல் தடிமனில் இருந்த மக்னீசியக் குச்சி. மக்னீசியம் முழுக்கக் கரைந்துபோய், நடுவில் இருந்த இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். டேங்க் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் ஒன்பது வருடம் குளித்திருக்கிறேன்.

கீசர் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது: எத்தனை லிட்டர், எத்தனை வாட், எவ்வளவு நேரத்தில் சூடாகும். மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் ஒரு கீசர் ஐந்தாம் வருடமே ஒழுகுமா, பதினைந்து வருடம் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரும் அந்தக் குச்சியும். எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்ற மூன்று கேள்விக்கும் விடை டேங்குக்குள்தான் கிடக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தள்ளினால்தான் வரும்

டேங்க் கீசர் என்பது அடிப்படையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க். உள்ளே இரும்புத் தொட்டி, அதைச் சுற்றிச் சூடு வெளியேறாமல் தடுக்கும் நுரை, அதற்கு மேல் நாம் பார்க்கும் வெளிக்கூடு. சுவரில் மாட்டும் வகையில் அடியில் இரண்டு குழாய் இருக்கும். நீல வளையம் போட்டது பச்சைத்தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியே வர.

இரண்டும் அடியில்தானே இருக்கின்றன, பிறகு எப்படி வெந்நீர் மட்டும் தனியாக வருகிறது? சிவப்புக் குழாய் டேங்குக்குள்ளே உச்சிவரை நீண்டு போகிறது. சூடான தண்ணீர் லேசானது, மேலே போய் நிற்கும். குளிர்ந்தது கனமானது, அடியில் தங்கும். நீலக் குழாய் வழியாக அடியில் தண்ணீர் புகப் புக, மேலே நிற்கும் வெந்நீர் அந்த நீண்ட குழாயின் வாய்க்குள் தள்ளப்பட்டு வெளியே வருகிறது. தரையில் நிறுத்தும் உயரமான டேங்குகளில் இணைப்பு மேலே இருக்கும். அங்கே இதற்கு நேர்மாறாக, பச்சைத்தண்ணீர்க் குழாய்தான் அடிவரை நீண்டிருக்கும். தத்துவம் ஒன்றே.

இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால், கீசர் நிறைய வெந்நீர் இருந்தாலும் குழாயில் ஒரு சொட்டு வராது, தள்ள ஆளில்லை. அதேபோல, கீசரைக் காலி செய்ய வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் வரத்தை அடைத்து, நீலப் பக்கத்து இணைப்பையோ வடிகால் திருகையோ கழற்ற வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைப்பது காற்று உள்ளே போவதற்குத்தான். இன்னொன்று: ஷவரில் முதல் சில நிமிடம் ஒரே சூட்டில் வந்த தண்ணீர் திடீரென்று ஆறிப்போவதும் இதனால்தான். மேலே இருந்த சூடான அடுக்கு தீர்ந்து, அடியிலிருந்த குளிர்ந்த அடுக்கு குழாயின் வாயைத் தொட்டுவிட்டது.

கீசர் என்ற பெயருக்கும் டேங்குக்கும் முதலில் சம்பந்தமே கிடையாது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸ் தீயால் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் கருவியைச் செய்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளின் பெயரை அதற்கு வைத்தார். அதில் டேங்க் இல்லை. தானாகச் சூடாகித் தானாக அணையும் டேங்க் ஹீட்டரை எட்வின் ரூட் என்ற நார்வேக்காரர் 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கினார். நாம் பெயரை ஒருவரிடமும் கருவியை இன்னொருவரிடமும் வாங்கிக்கொண்டோம்.

மூன்று காவலர்கள்

சூடாக்குவது காயில். உலோக உறைக்குள் சுருண்டிருக்கும் மின்கம்பி, அவ்வளவுதான். எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது தெர்மோஸ்டாட். நாம் திருகி வைத்த சூடு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி கொடுக்கும். சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதன் வேலை.

தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, துண்டிக்காமல் விட்டால்? அதற்கு இரண்டாவது காவலாக வெப்ப கட்-அவுட் இருக்கிறது. தண்ணீர் ஆபத்தான சூட்டை எட்டினால் மொத்தமாக மின்சாரத்தை நிறுத்திவிடும். பல மாடல்களில் கையால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்த நேர்ந்தால் சரி. வாரம் ஒருமுறை அழுத்த வேண்டியிருந்தால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று அர்த்தம். கட்-அவுட்டை நேராக இணைத்துவிட்டு "இனி தொந்தரவு இருக்காது" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும் சேஃப்டி வால்வு. பச்சைத்தண்ணீர் உள்ளே போகும் குழாயில், பித்தளையில், விரல்நீள நெம்புகோலோடு இருக்கும். தரையில் நிற்கும் பெரிய டேங்குகளில் உச்சியில் இருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் மக்கள் கோளாறு என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக விரிகிறது. கேட்கச் சின்ன அளவுதான். 25 லிட்டர் டேங்கில் அது சுமார் 350 மில்லி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது. வந்த வழியே திரும்பிப் போகலாமென்றால், சூடான தண்ணீர் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குள் திரும்பாமல் இருக்க அந்த வால்விலேயே ஒருவழித் தடுப்பு வைத்திருப்பார்கள். ஆக, அந்த ஒரு டம்ளருக்குப் போக இடமில்லை. தண்ணீரை அமுக்கவும் முடியாது. அழுத்தம் ஏறுகிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. சூடாகும் நேரத்தில் மட்டும் வால்வு சொட்டினால், அது தன் கடமையைச் செய்கிறது. கீசர் அணைந்து, ஆறிப்போன பிறகும் நிற்காமல் சொட்டினால்தான் கோளாறு: வால்வில் கசடு மாட்டியிருக்கலாம், அல்லது தண்ணீர் வரத்தின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம்.

சொட்டுவது அசிங்கமாக இருக்கிறது என்று வால்வின் வாயில் மூடி போட்டுத் திருகியதை நானே பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் கைவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். 6 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) சுமார் 160 டிகிரிவரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். அந்த நிலையில் டேங்க் விரிசல் விட்டால் அழுத்தம் சட்டென்று விழுகிறது, தண்ணீரில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். டேங்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது அப்போதுதான். சொட்டுவது பிடிக்கவில்லையா, வால்வின் வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டி, வடிகால் வரை கீழ்நோக்கி விட்டுவிடுங்கள். முனை திறந்திருக்க வேண்டும்.

தண்ணீர் செய்யும் இரண்டு வேலை

முதலாவது, உப்பு படிவது. சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். கடின நீரில் இருக்கும் கால்சியம் உப்பு எதிர்மாறு. குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருப்பது, சூடு பட்டதும் பிரிந்து சுண்ணாம்பாக இறங்கும். எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகமாக. ஆகவே காயிலின்மேல்தான் முதல் பூச்சு. பூச்சு ஏற ஏற, காயிலின் சூடு தண்ணீருக்குப் போகத் தடை. உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறி, ஒருநாள் உறை வெடிக்கிறது. சரளை வறுபடும் சத்தம், படிவத்துக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்துக் குமிழாக வெளியேறுவது. கேஸில் ஓடும் டேங்குகளில் தீ அடியில் எரிவதால், அங்கே படியும் சேறு இதே தொந்தரவைக் கொடுக்கும். 60 டிகிரிக்கு மேல் வைக்க வைக்கப் படிவது வேகமாகும்.

இரண்டாவது, துரு. பெரும்பாலான டேங்குகள் சாதாரண இரும்பு. உள்பக்கம் 800 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்து உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு இருக்கும். பழைய எனாமல் தட்டு நினைவிருக்கிறதா, அதே சங்கதி. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த இடம் கறுத்துத் துருப்பிடிக்குமே, அதுவும் அதேதான். டேங்க் தினமும் சூடாகி ஆறும்போது இரும்பு விரியும், சுருங்கும். பூச்சில் தலைமுடி போன்ற கீறல்கள் எப்படியும் வரும். இணைப்புகள் இருக்கும் இடங்களில் பூச்சு முதல் நாளிலிருந்தே முழுமையாக இருக்காது. அங்கே தண்ணீர் இரும்பைத் தொடுகிறது.

இங்கேதான் குச்சி வருகிறது. இரண்டு உலோகங்களை ஒன்றோடொன்று தொடவைத்துத் தண்ணீரில் முக்கினால், வீரியம் கூடின உலோகம் முதலில் கரையும், மற்றது தப்பிக்கும். மக்னீசியம் இரும்பைவிட வெகு வீரியமானது. குச்சியில் மக்னீசியம் மிச்சம் இருக்கும்வரை இரும்பின் கீறல்களைத் துரு அண்டாது. இதை ஆனோடு என்பார்கள், மெக்கானிக்குகள் வாயில் ஆனோட் ராடு.

இந்த உபாயம் கப்பலிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் அடித்திருந்த செம்புத் தகடுகளைக் கடல் நீர் அரித்துக்கொண்டிருந்தது. 1824இல் ஹம்ஃப்ரி டேவி அந்தச் செம்போடு சின்னத் துத்தநாக, இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் ஒரு வேடிக்கை: கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை பாசியையும் சிப்பிகளையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரையாமல் போனதும் அவை அடர்ந்து ஒட்டி, கப்பல் நகர மறுத்தது. கடற்படை அதைக் கைவிட்டது. கீசருக்குள் சிப்பி வளர்வதில்லை, அதனால் நமக்கு முழு லாபம்.

ஒரு சின்னப் பக்கவிளைவு நமக்கும் உண்டு. சில தண்ணீரில் சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா இருக்கும். மக்னீசியக் குச்சியோடு சேர்ந்தால் வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கீசரே கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். துத்தநாகம் கலந்த அலுமினியக் குச்சிக்கு மாறினாலோ, மின்சாரத்தால் இயங்கும் டைட்டானிய ஆனோடு போட்டாலோ பெரும்பாலும் போய்விடும்.

எதை வாங்குவது

முதலில் லிட்டர். இங்கே நம் மொழியில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: விளாவுதல். கீசர் தருவது குளிக்கும் தண்ணீர் இல்லை, விளாவ வேண்டிய தண்ணீர். 60 டிகிரியில் 25 லிட்டர் வெந்நீரை, 25 டிகிரித் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சுமார் 58 லிட்டர் கிடைக்கும். 15 லிட்டர் டேங்கானால் 35 லிட்டர். குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கும் இடமானால் அதே 25 லிட்டர் டேங்க் 45 லிட்டர்தான் தரும். இதெல்லாம் காகிதக் கணக்கு. உள்ளே வரும் பச்சைத்தண்ணீர் கொஞ்சம் கலப்பதால் கடைசிப் பகுதி வெதுவெதுப்பாகிவிடும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் 58 லிட்டர் என்பது ஏழு நிமிடம். பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவருக்கு 15 லிட்டர் டேங்க் தாராளம். இரண்டு பேர் அடுத்தடுத்து ஷவரில் நிற்கும் வீட்டுக்கு 25 லிட்டரே இழுபறி.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் தப்பு. யாரும் தொடாத வெந்நீர் ஆறிக்கொண்டே இருக்கும், மறுபடி சூடாகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் முழுக்கச் சும்மா வைத்தால் எவ்வளவு மின்சாரம் ஆறிப்போகிறது என்று ஆற்றல் தர லேபிளில் போட்டிருப்பார்கள். இரண்டு மாடலை ஒப்பிட அந்த எண் போதும். நுரைக் காப்பு தடிமனாக இருந்தால் அது குறையும்.

வாட் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, அதிக வாட் என்றால் கரண்ட் பில் அதிகம் என்று. 25 லிட்டரை 35 டிகிரி ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் வேண்டும். 2 கிலோவாட் காயில் அதை அரை மணி நேரத்தில் செலவழிக்கும், 3 கிலோவாட் காயில் இருபது நிமிடத்தில் செலவழிக்கும். யூனிட் அதேதான். வித்தியாசம் ஒயரில்: 230 வோல்ட்டில் 2 கிலோவாட் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. வீட்டு ஒயரிங் பழையதானால் 2 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழுத்தம். மேல்தொட்டி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, பத்து மீட்டருக்கு ஒரு பார் என்று வையுங்கள். ஒரு மாடி வீட்டில் அரை பார்கூட வராது. இருபது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 6 பார் நிற்கும். பம்ப் வைத்து அழுத்தம் கொடுக்கும் வீடுகளும் அப்படித்தான். அங்கெல்லாம் 8 பார் தாங்கும் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

இனி டேங்கின் உலோகம். கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு, ஆனோடை ஒழுங்காக மாற்றிவந்தால் கடின நீரிலும் தாக்குப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்றால் துருவே பிடிக்காது என்று நம்பிவிட வேண்டாம். குளோரைடு மிகுந்த உப்புத் தண்ணீர் அதன் வெல்டிங் ஓரங்களை அரிக்கும், அங்கே நூல்போல் கசியும். பிளாஸ்டிக் தொட்டி கொண்ட சின்ன கீசர்களும் உண்டு. துருப் பிரச்சினை கிடையாது, தாங்கும் அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், கடையில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆனோடை எப்படிக் கழற்றுவது? காயிலைப் பிரிக்காமல் தனியாகக் கழற்ற முடியுமா? இந்த மாடலுக்கு ஆனோடு தனியாகக் கிடைக்குமா? விற்பவர் விழித்தால் அடுத்த மாடலைப் பாருங்கள். உத்தரவாதச் சீட்டையும் நிதானமாகப் படியுங்கள். டேங்குக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம், மற்றவற்றுக்கு ஒரு காலம் என்று மூன்று எண் இருக்கும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது டேங்குடையது. ஆனோடைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றாவிட்டால் டேங்குக்கான உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் சிலர் போட்டிருப்பார்கள்.

சுவரில் நிற்பதா, படுப்பதா? இடமிருந்தால் நிற்பதே மேல். நான் சொன்ன சூடான அடுக்கு, குளிர்ந்த அடுக்கு எல்லாம் உயரம் இருந்தால்தான் நன்றாகப் பிரியும். படுத்த டேங்கில் சீக்கிரம் கலந்துவிடும். கூரைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு அடிதான் இருக்கிறது என்றால் வேறு வழியில்லை, படுக்கவிடுங்கள். ஆனால் நிற்கச் செய்ததைப் படுக்கவைத்து மாட்டக் கூடாது, உள்ளே குழாய்களின் அமைப்பே வேறு.

பார்த்துக்கொள்வது

சூட்டை எவ்வளவில் வைப்பது என்பதில் இரண்டு பயங்கள் எதிரெதிராக இழுக்கின்றன. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில், முக்கியமாக 20 முதல் 45 டிகிரிக்குள் பெருகும். ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் போனால் ஒருவகை நிமோனியா வரும். 60 டிகிரியில் அது பிழைக்காது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் தோலில் ஐந்து நொடி பட்டாலே ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். எனவே டேங்கில் 60 வைத்துவிட்டு, குழாயில் விளாவிக் கொள்வதுதான் வழி. சின்னக் குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில், குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் விடாத கலவை வால்வைக் குழாய்க்கு முன்னால் போட்டுவிடுங்கள். 75இல் வைப்பதால் வேறெந்த லாபமும் கிடையாது, உப்புதான் வேகமாகப் படியும்.

"நாள் முழுக்க ஆனிலேயே விட்டால் கரண்ட் மிச்சம், ஆறிப்போனதை மறுபடி சூடாக்கத்தான் அதிகம் ஆகும்" என்று ஒரு வாதம் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார். வாதம் தப்பு. சூடு வெளியேறும் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. எப்போதும் சூடாகவே வைத்திருந்தால் எப்போதும் முழு வேகத்தில் வெளியேறும். அணைத்துவிட்டால் ஆற ஆற வேகம் குறையும். குளிக்க அரை மணி முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணைப்பதே சிக்கனம். மாமனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் மட்டும், முதல் தடவை 60 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கி, ஜன்னலைத் திறந்துவைத்து, கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு குளியுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது அதிகமில்லை. வால்வின் நெம்புகோலை ஒரு தடவை தூக்கிவிடுங்கள், தண்ணீர் பீய்ச்சி, விட்டதும் நிற்க வேண்டும். டேங்க் ஆறிய பிறகு செய்யுங்கள், முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு. தண்ணீரே வராவிட்டாலும், வந்தது நிற்காவிட்டாலும் புது வால்வு போட வேண்டும். டேங்கோடு ஒப்பிட்டால் அது ஒரு சில்லறைச் செலவு. ஆனோடை இரண்டாம் வருடத்திலிருந்து பாருங்கள். முதல் தடவை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் தண்ணீரின் குணமும் தெரிந்துவிடும், அடுத்து எப்போது பார்ப்பது என்று நீங்களே கணக்குப் போடலாம். பாதிக்கு மேல் கரைந்து உள்கம்பி எட்டிப்பார்த்தால் மாற்றிவிடுங்கள். மென்னீர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் உப்பு படியாது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் மென்மையாக்கிய தண்ணீரில் ஆனோடு இன்னும் வேகமாகக் கரையும்.

காயிலைக் கழற்றும் அன்றே அதன் சுண்ணாம்பையும் எடுத்துவிடலாம். சுத்தியலால் தட்டாதீர்கள், உறை விரியும். சிட்ரிக் அமிலத்தையோ வினிகரையோ வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, காயிலின் மின்முனைகள் நனையாமல் ஊறவைத்தால் நுரைத்து நுரைத்து உதிரும். திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும். பழைய கேஸ்கட்டை மறுபடி போட்டு இறுக்கி, ஒரு வாரத்தில் சொட்டுகிறது என்று இன்னொரு தடவை ஆளைக் கூப்பிட்டவன் நான்.

இதையெல்லாம் செய்யும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அந்தச் சுற்றுக்கான மெயின் பிரேக்கரையே இறக்கிவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் அந்த வரிசையில் இல்லாவிட்டால், புது கீசருக்கு முன்னால் அதை வாங்குங்கள். கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை புகைக்குழாய். எரிந்த காற்று முழுவதும் வெளியே போக வேண்டும். அடைபட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சரிசெய்வதா, மாற்றுவதா

ஒழுகுகிறது என்றதும் புதுசு வாங்க ஓட வேண்டாம். எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, இணைப்புகள், வால்வு, அடித்தகடு ஆகியவற்றில் தனித்தனியாக டிஷ்யூ தாளை வைத்து ஒற்றினால் எது முதலில் நனைகிறதென்று தெரியும். இணைப்பிலோ வால்விலோ கேஸ்கட்டிலோ என்றால் சின்ன வேலை. எல்லா இடமும் காய்ந்திருக்க, வெளிக்கூட்டின் கீழ் மடிப்பிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் வந்தால் டேங்கே பொத்தலாகிவிட்டது. அதற்கு வெல்டிங், பசை எதுவும் உதவாது. வெல்டு வைக்கும் சூடு சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சை மொத்தமாகப் பெயர்த்துவிடும்.

தண்ணீர் சூடாகவே இல்லையா? மெக்கானிக் மீட்டரை வைத்து காயிலின் இரு முனைக்கும் நடுவே அளப்பார். 230 வோல்ட்டுக்கான 2 கிலோவாட் காயிலில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காயில் சரி என்றால் தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோதான். சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதா, காயிலின் உறை விரிந்து தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். இந்த மூன்றுமே உதிரிபாகம் மாற்றித் தீரக்கூடியவை.

வெந்நீர் செம்மண் நிறத்தில் வந்தால் முதலில் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் திறந்து பாருங்கள். அதிலும் அப்படி வந்தால் குற்றவாளி மேல்தொட்டியோ குழாயோதான். வெந்நீரில் மட்டும் வந்தால் ஆனோடு எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த நிலையில் புது ஆனோடு போட்டால் கொஞ்ச காலம் இழுக்கலாம், ஆனால் தொடங்கிய துருவைத் திருப்ப முடியாது.

டேங்க் கீசர்கள் பொதுவாக 8 முதல் 12 வருடம் ஓடும். என் கணக்கு இது: எட்டு வயதுக்குள் காயில் போனால் மாற்றுகிறேன், கூடவே ஆனோடையும். பத்து தாண்டிய டேங்கில் காயில் போனால், அடித்தகட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்சுவரைப் பார்க்கச் சொல்கிறேன். பூச்சு நீலமாகப் பளபளத்தால் காயில். பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் புது கீசர். எங்கள் ஒன்பது வயது கீசரில் காயில் பொருத்திய விளிம்பைச் சுற்றி ஐந்தாறு திட்டுகள் இருந்தன. புதுக் காயில் போட வேண்டாம் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார்.

புதிதை மாட்டும்போது பழைய வால்வைக் கழற்றி இதில் பொருத்த விடாதீர்கள், புதிதோடு வந்ததையே போடச் சொல்லுங்கள். வால்வின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது டேங்கை நோக்கி இருக்க வேண்டும். சுவர்க் கொக்கிகளையும் புதிதாகவே அடியுங்கள். 25 லிட்டர் கீசர் தண்ணீரோடு 35 கிலோவைத் தொடும், வெற்றுச் செங்கல் சுவரில் பழைய ஓட்டைகள் தளர்ந்திருக்கும்.

எல்லாம் மாட்டியானதும் சுவிட்சைத் தொடாமல் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். டேங்க் நிறைய சில நிமிடம் ஆகும். அதுவரை குழாய் விக்கி விக்கிக் காற்றைத் துப்பும், நடுவில் நின்றுவிட்டதுபோலவும் இருக்கும். தண்ணீரில்லாத டேங்கில் கரண்ட் கொடுத்தால் புதுக் காயில் நிமிடங்களில் கருகிவிடும், அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. விக்கல் நின்று, தாரை அறுபடாமல் ஒரே சீராக விழத் தொடங்கியதும் குழாயை மூடிவிட்டு சுவிட்சைப் போடலாம்.